நாற்பத்தொன்பது நாற்காலிகள்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தீயணைப்புத் துறையில் ஆய்வாளர். எந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ரெண்டாவது கதவு எங்கே?" என்பதுதான். அதனால் 'ரெண்டாங்கதவு சார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒருமுறை விண்ணப்பம் கொண்டுவந்த ஒரு பொறியாளர் ஆள் தெரியாமல் அவரிடமே, "ரெண்டாங்கதவு சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டார். "இருக்கார், உட்காருங்க" என்றார் ஆய்வாளர்.

குடோன், துணிக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கடைசி நாலு வருஷமாக ஒரு புது வகை வந்து மாட்டியது. கோவொர்க்கிங். சொந்தமாக அலுவலகம் வேண்டாம், ஆளுக்கொரு நாற்காலி போதும் என்று ஆனபிறகு, வீட்டில் இடமில்லாதவர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள், முதலாளியை நேரில் பார்த்தே இராதவர்கள் எல்லாரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். கூரை எதுவாக இருந்தாலும் சரி. மூடிப்போன சினிமா கொட்டகை ஒன்றில் தரை சரிவாக இருந்ததால் மேஜைகளின் பின்னங்கால்களை அறுத்து மட்டம் பண்ணியிருந்தார்கள். அப்படியும் பேனா உருண்டது. பழைய வங்கி ஒன்றில் பெட்டக அறையே கலந்தாலோசனை அறை. இன்னொன்றில் கீழே குழந்தைகள், மேலே தாய்மார்கள். மேலே இருக்கிறவர்கள் கை தட்டச்சு செய்யும், காது தரையிலேயே இருக்கும். முடி திருத்துகிறவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று நாற்காலியை வாடகைக்கு விடுகிற இடம் ஒன்று, அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும் சமையலறை ஒன்று. ஓடாத பேருந்துக்குள் பன்னிரண்டு பேர் வேலை செய்த இடத்துக்கு மட்டும் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பேருந்துக்கு இரண்டு கதவு.

இப்படி இருக்கும்போதுதான் மகள் வந்து, "அப்பா, நானும் ஒரு இடம் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள்.

மகளுக்கு வேலை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். அவள் நாலைந்து கோவொர்க்கிங் இடங்களில் உட்கார்ந்து பார்த்தவள். எல்லா இடத்திலும் யாராவது போனில் கத்திக்கொண்டே இருந்தார்கள் என்பது அவள் குறை.

"சத்தமே இல்லாத இடம்பா. போன் கிடையாது, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. உள்ளே வந்தா அவங்கவங்க வேலை. சந்தைக்குப் பின்னாடி பழைய குளிர்பதனக் கிடங்கு ஒண்ணு சும்மா கிடக்கு. கதவைச் சாத்தினா வெளியே லாரி போனாக்கூடக் கேட்கலை."

கிடங்கு என்றதுமே அவருக்கு ரெண்டாவது கதவு ஞாபகம் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை மறுநாளுக்கு ஒத்திப்போட்டார். அவள் பிறந்து வளர்ந்தது தீயணைப்பு நிலையத்தை ஒட்டின குவார்ட்டர்ஸில். சின்ன வயசில் மணி அடித்ததும் தொட்டிலிலிருந்து அலறி எழுவாள். பத்தாவது பரீட்சைக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். சத்தமில்லாத இடம் என்பது அவளுக்குத் திடீரென்று வந்த யோசனை இல்லை.

மறுநாளே போய்ப் பார்த்தார். நீளமான கட்டடம். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் ஒரே ஒரு வாசல். உள்ளே சுவரெல்லாம் பளபளவென்று வெள்ளைத் தகடு. மகள் கதவைச் சாத்திவிட்டு, "கேளுங்க" என்றாள். கேட்க ஒன்றும் இல்லை. அவருடைய மூச்சு அவருக்கே கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

ஆய்வாளர் சாவியை எடுத்துத் தகட்டின் ஓரத்தை நெம்பினார். உள்ளே மஞ்சள் நிறத்தில் நுரை. தெர்மோகோலுக்கு அண்ணன். குளிர் வெளியே போகாமலும் சத்தம் உள்ளே வராமலும் காப்பது அதுதான். தீ பிடித்தால் தகட்டுக்கு நடுவிலேயே ஓடுவதும் அதுதான். பழக்கிடங்கு ஒன்று எரிந்தபோது அவர் உள்ளே போயிருக்கிறார். வெளியே இருந்து பார்த்தால் சுவர் வெள்ளையாகவே இருந்தது. கை வைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவரோடு உள்ளே போன ஓட்டுநர் இன்றும் மாடி ஏறினால் மூச்சு வாங்குவார்.

"ரெண்டாவது கதவு எங்கேம்மா?"

"இல்லைப்பா."

"அப்போ இது வேணாம்."

"தகட்டைப் பிரிச்சுடலாமா?"

"பிரிக்கலாம்."

"பிரிச்சா இது வெறும் கொட்டாய்ப்பா. வெளியே ஒருத்தர் தும்மினா உள்ளே கேட்கும்."

"நான் கையெழுத்துப் போட முடியாது."

மகள் நெம்பிய தகட்டைக் கையால் அழுத்திப் பழையபடி பொருத்தினாள். பிறகு மெதுவாக, "உங்க கையெழுத்து வேணாம்பா. போன மாசம் விதி மாறிடுச்சு. ஐம்பது பேருக்குக் கீழேன்னா ஆய்வே கிடையாது. நடத்துறவங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தாப் போதும். நான் நாற்பத்தொன்பது நாற்காலிதான் போடப் போறேன்" என்றாள்.

அவர் நம்பவில்லை. நேரே மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி சுற்றறிக்கையை எடுத்துப் போட்டார். "உண்மைதான். சின்னத் தொழில் பண்றவங்களை அலைக்கழிக்கக் கூடாதுன்னு மேலிடத்துல முடிவு. நமக்கும் வேலை குறைஞ்சுது."

"சார், நாற்பத்தொன்பது பேர் இருந்தா எரியாதா?"

"எரியும். ஆனா நம்ம ஃபைல்ல எரியாது" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கே சங்கடமாகி, "உங்களுக்கு ரிடையர்மென்ட் எப்போ?" என்று பேச்சை மாற்றினார். இன்னும் ஐந்து மாதம்.

மகள் எடுத்த இடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பார்சல் குடோன். அங்கே ஒரு கதவு திறந்தால் குடோன் முற்றம் வழியாகத் தெருவுக்குப் போய்விடலாம். குடோன்காரரிடம் இரண்டு தடவை போனார். முதல் தடவை குடோன்காரர் அவரை உட்காரவைத்து, மின்விசிறியைத் திருப்பிவைத்து, "பார்க்கலாம் சார், நம்ம பொண்ணு மாதிரிதானே" என்றார். இரண்டாவது தடவை, "வக்கீலைக் கேட்டேன் சார். ஒருதடவை கதவு விட்டா அப்புறம் அது பாத்தியதை ஆயிடுமாம். நாளைக்கு நான் இடத்தை என்ன பண்ணணும்னாலும் அந்தக் கதவு குறுக்கே நிக்கும். தப்பா நினைக்காதீங்க" என்றார். கடைசி வரை மரியாதை குறையவே இல்லை. பிடியும் கொடுக்கவில்லை.

மகள் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். அதையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடி மின்கம்பி எல்லாம் இரும்புக் குழாய்க்குள் போனது. தீயணைப்பான் ஐந்து வாங்கி மாட்டினாள். இருட்டிலும் ஒளிரும் பட்டையைத் தரையில் வாசல் வரை ஒட்டினாள். கனமான பழைய கதவைக் கழற்றிக் கண்ணாடிக் கதவு போட்டாள். முடியாத காரியங்கள் இரண்டே இரண்டுதான். சுவரும் பின்கதவும்.

இடம் திறந்த இரண்டாவது மாதமே நாற்காலி கிடைக்கவில்லை. நீதிமன்றக் காகிதங்களை மொழிபெயர்க்கிற ஒரு அம்மா வந்தாள்; அவள் வீட்டில் மூன்று குழந்தைகள், ஒரு தொலைக்காட்சி. கணக்குத் தணிக்கைக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள். சினிமாவுக்கு சப்டைட்டில், அதாவது வசன எழுத்து, போடுகிற ஒருத்தன், நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டே பிழைப்பவன், "இங்கே வந்தப்புறம்தான் தலைவலி போச்சு" என்று காகிதத்தில் எழுதி மகளிடம் நீட்டினான். வாயால் சொல்ல அனுமதி இல்லையே.

ஓய்வு பெற்ற மறுவாரம் ஆய்வாளர் மகளிடம் போய், தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றார்.

"எதுக்குப்பா?"

"வீட்டுல உங்கம்மா சத்தம் தாங்கலை."

அம்மா பேசுவதே அபூர்வம் என்று இருவருக்கும் தெரியும். மகள் வாசல் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் கடைக்கோடி நாற்காலிதான் வேண்டும் என்றார். ஏதாவது நடந்தால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் வழி தூரம்.

தினமும் ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தார். செய்ய வேலை எதுவும் இல்லை. செய்தித்தாளைப் புரட்டினால் படபடவென்று சத்தம் வருகிறது என்று மூன்றாம் நாளே புகார் வந்தது. அதனால் முதல் பக்கத்தை மட்டும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே படித்தார். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பையை நடைபாதையில் போடுகிறார்கள், யார் ஒரே பிளக்கில் மூன்று வயரைச் சொருகுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் மனப்பாடம். நடைபாதையில் கிடக்கும் பையைக் காலால் மெதுவாக ஓரம் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கழிப்பறைக்குப் போவார்.

அப்படிப் போய்வரும்போதுதான் கூரையில் இருந்த அபாய மணியைக் கவனித்தார். மணியின் கம்பி கழற்றப்பட்டிருந்தது. சிவப்பு விளக்குக்கு மட்டும் இணைப்பு. வெளியே வந்து மகளிடம் கேட்டார்.

"ரெண்டு தடவை தானா அடிச்சுதுப்பா. அடுப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒரு அம்மா பயந்துபோய் அழுதுட்டாங்க. விளக்கு எரியுமே, போதாதா?"

"எல்லாரும் திரையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. யாரு கூரையைப் பார்ப்பா?"

"மாத்திடறேன்" என்றாள். மாற்ற ஆள் கிடைக்க நாளாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். அவருக்கு மூக்கில் ஒரு வாசனை தட்டியது. நகப்பூச்சு மாதிரி இனிப்பான நெடி. முப்பது வருஷத்தில் அந்த நெடியை மூக்கு மறக்காது. நாலு வரிசை தள்ளி, வசன எழுத்துக்காரனின் பைக்குள் சார்ஜில் கிடந்த பவர் பேங்க் ஊதிப்போய் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. அவன் காதில் ஹெட்போன். திரையில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பை சாய்ந்து கிடந்தது வெள்ளைத் தகட்டின் மேல்.

அவர் எழுந்து, "எல்லாரும் வெளியே போங்க" என்றார். சொன்ன பிறகுதான் தெரிந்தது, ரகசியம் சொல்கிற குரலில் சொல்லியிருக்கிறார் என்று. அத்தனை நாள் அங்கே உட்கார்ந்த பழக்கம். இரண்டாவது தடவை பழைய ஆய்வாளரின் குரலில் கத்தினார். பாதிப்பேர் தலையே தூக்கவில்லை. தூக்கியவர்கள் ஹெட்போனைக் கழற்றி, முகம் சுளித்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது.

அவர் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் அதை வீசவும், அது படபடவென்று வெடித்து எரியவும் சரியாக இருந்தது. உள்ளங்கைத் தோல் பைப்பிடியோடு போயிற்று. திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்திருந்தது ஏழு பேர். கடைசி ஆள் வெளியே வர நாலரை நிமிஷம் ஆனது. சட்டையில் மூக்கைப் பொத்திக்கொண்டு மகளே உள்ளே போய் ஒவ்வொருவர் தோளையும் தட்ட வேண்டியிருந்தது. நாலரை நிமிஷம். சுவர் எரிந்திருந்தால் இரண்டு நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது.

புகை போக ஒரு மணி நேரம் ஆனது. பிறகு எல்லாரும் உள்ளே போய்ப் பழையபடி உட்கார்ந்தார்கள். வசன எழுத்துக்காரன் மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய் விட்டு மன்னிப்புக் கேட்டான். மாலைக்குள் இடத்தின் இணையப் பக்கத்தில் மூன்று பேர் நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒருவர் எழுதியது: 'அமைதிக்காகத்தான் வருகிறோம். வயதான ஒருவர் கூச்சல் போட்டு எல்லாரையும் பதற வைத்தார். நிர்வாகம் கவனிக்கவும்.'

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் மகள் அவர் கைக்கு மருந்து போட்டாள். அம்மா பஞ்சை எடுத்துக்கொடுத்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்பா" என்றாள் மகள். "சரின்னு எனக்கு முன்னாடியே தெரியும். இப்போ என்ன பண்ணட்டும்? சொல்லுங்க."

"மூடிடு."

"மூடிட்டு?"

அம்மா பஞ்சுப் பொட்டலத்தை மூடினாள்.

"மொழிபெயர்க்கிற அம்மா எங்கே போவாங்க? அந்தப் பசங்க எங்கே படிப்பாங்க? நான் மறுபடியும் இந்த வீட்டுல வந்து உட்கார்ந்துக்கவா? உங்க மாப்பிள்ளை அங்கே, நான் இங்கே. ஏதோ ஒண்ணு என் கையால நிக்குதுப்பா."

எத்தனையோ கடைக்காரர்களிடம், முதலாளிகளிடம் மூடு என்று சொன்னவர். மூடிட்டு என்ன பண்றது என்று அவர்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். இந்தத் தடவை ஏற வண்டி இல்லை.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், கட்டுப்போட்ட வலது கையால் எழுத முடியாமல், மனைவியிடம் சொல்லி எழுதவைத்தார். துறைக்கு ஒரு புகார். இன்ன இடத்தில், இன்ன சுவர், பின்பக்கம் வழி இல்லை, அபாய மணி துண்டிக்கப்பட்டிருக்கிறது, உடனே ஆய்வு செய்யவும். மனைவி முக்கால்வாசி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இது நம்ம பொண்ணோட இடம்தானே?"

"ஆமா."

"அவளுக்குச் சொல்லலையா?"

"சொன்னா அனுப்ப மாட்டேன்."

அவள் பேனாவைத் திறந்து மீதியை எழுதினாள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தில் புகார் போனால் துறைக்காரர்கள் வந்துதான் ஆக வேண்டும், அவர்களே மூடட்டும். நான் மூடச் சொன்னேன் என்று இராது. அவள் கோபம் துறை மேல் போகட்டும் என்று ஒரு கணக்கு.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'மேற்படி இடம் ஐம்பது நபர்களுக்குக் குறைவான பிரிவில் வருவதாலும், உரிமையாளரின் உறுதிமொழி ஒழுங்காக இருப்பதாலும், நடவடிக்கை தேவையில்லை.' கீழே கையெழுத்து, அவரிடம் வேலை பழகிய இளைய ஆய்வாளருடையது. அதற்கும் கீழே ஒரு வரி: 'நகல்: உரிமையாளருக்கு.'

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் காலை அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் மேஜையில் இருந்து எழுந்து வந்தாள்.

"மணியை மாட்டியாச்சுப்பா. நேத்தே ஆள் வந்துட்டான்."

"நல்லது."

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."

"உள்ளே பேச மாட்டேன்மா."

"பேசுறதைச் சொல்லலை. நீங்க கடைசியில உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தா எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. நான் தினம் தினம் ஏதோ கொலை பண்ற மாதிரி இருக்கு." அவள் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே இருந்து யாரோ தலை தூக்கிப் பார்த்தார்கள். அவள் உடனே குரலைத் தாழ்த்தி, "போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் போகும் வழியில் மூன்றாம் தடவையாகக் குடோன்காரரிடம் நுழைந்தார். இந்தத் தடவை காலைப் பிடிக்கவும் தயாராகத்தான் போனார். முற்றத்தில் பார்சல் மூட்டை ஒன்றும் இல்லை. மேஸ்திரிகள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். குடோன்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"வாங்க சார். உங்க பொண்ணு இடத்தைப் பார்த்துத்தான் எனக்கே புத்தி வந்துச்சு. இதையும் கோவொர்க்கிங் பண்றேன். அங்கே பேசக் கூடாது, இங்கே பேசுறவங்களுக்குன்னே. நாள் பூரா போன்ல வியாபாரம் பண்றவங்க இல்லை? ரெண்டு மாடி. முந்நூறு பேர். உங்க பொண்ணுக்குத் தொந்தரவு வரக் கூடாதுன்னு நடுவுல செங்கல் வெச்சு இன்னொரு சுவரே எழுப்புறேன், சத்தம் ஒரு பொட்டு போகாது."

முற்றத்தையும் சேர்த்துக் கட்டப்போவதாக வரைபடத்தைக் காட்டினார். ஆய்வாளர் அதை வாங்கி, வழக்கம்போல் கண்ணாலேயே ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"ரெண்டாவது கதவு எங்கே?"

"இதோ இருக்கே சார். விதிப்படி ரெண்டு. ரெண்டும் முன்பக்கமே, பக்கத்துப் பக்கத்துல. அழகா இருக்கும்னு பொறியாளர் சொன்னார்."

சுவர் எழும்ப மூன்று வாரம்தான் ஆனது.

இப்போது அவர் எதிர்சாரியில் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்காருகிறார். முதல் சில நாள் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். இப்போது கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் மகளின் இடத்துக்குள் போகிறவர்களை எண்ணுவார். மாலையில் வெளியே வருகிறவர்களை எண்ணுவார். நடுவில் யாராவது சாப்பிடப் போய்வந்தால் கழித்துக் கூட்டிக்கொள்வார். எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும். ஒன்று நடந்தால் வருகிறவர்கள் முதலில் கேட்பது உள்ளே எத்தனை பேர் என்பதைத்தான். அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும்.

மகள் அவரோடு பேசி நாலைந்து மாதம் ஆகிறது. அவர் அங்கே உட்கார்வது கண்ணாடிக் கதவு வழியாக அவளுக்குத் தெரியும். மழை பெய்த ஒரு நாள் அவர் கழிப்பறைக்குப் போய்வந்ததில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. விரல்விட்டு மறுபடி எண்ணிக்கொண்டு நின்றபோது போனில் ஒரு செய்தி வந்தது. மகளிடமிருந்து. '43' என்று மட்டும் இருந்தது. அதிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு ஒரு எண் வருகிறது. அவர் பதிலுக்கு எதுவும் அனுப்புவதில்லை. மாலையில் கடைசி ஆளும் வந்து, மகள் கதவைப் பூட்டி, தெருவில் இறங்கி நடந்த பிறகு எழுந்து வீட்டுக்குப் போவார். மனைவி, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்பாள். "வந்துட்டாங்க" என்பார்.

பக்கத்துக் கட்டடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. வாசலில் எந்நேரமும் கூட்டம். காதில் போனை வைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், பேசிக்கொண்டே வெளியே வருகிறார்கள், பாதி வழியில் திரும்பி மறுபடியும் உள்ளே போகிறார்கள். அவர் அதையும் எண்ணிப் பார்த்தார். அறுபது வரை வந்தது. அதற்குள் ஒரு பேருந்து வந்து நடுவில் மறைத்துக்கொண்டது.